அந்த ஈ எந்தத் தெரு?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தடவையாகப் படித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பேசிப் பேசித் தட்டச்சு செய்வதால் ஒற்றுப்பிழை இருக்கும். என்னிடம் சிவப்பு மையில் சுழி வாங்கியவர்களுக்கு இது பழி தீர்த்துக்கொள்ள நல்ல சந்தர்ப்பம்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு காணொளி அனுப்பினான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவன் மகளும் அவளுடைய தோழர்களும் ஒரு பேருந்து நிலையத்தில் போட்ட வீதி நாடகம். இருபது நிமிடம். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சுத்திணறிச் சாகும் தொழிலாளர்களைப் பற்றியது. பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறதே என்று நம் குடும்பக் குழுவில் போட்டேன். அதற்கு வந்த பதில்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என் கொழுந்தனார், "செத்தவங்களை வச்சு சிரிப்பு நாடகமா அண்ணி? விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்று கேட்டார். அக்கா மகள், "மெழுகுவத்தி ஏந்தி அமைதியா நின்னிருந்தா மரியாதையா இருந்திருக்கும் சித்தி" என்றாள். இன்னும் இரண்டு பேர் கை கூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு நழுவிவிட்டார்கள்.

கொழுந்தனார் கோபிக்க வேண்டாம். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதனால்தான் குழுவில் இரண்டு வரியில் பதில் போடாமல் இங்கே எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்த நாடகத்தில் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று சொல்லிவிடுகிறேன். முழுதாகப் பார்க்காமலே சிலர் பதில் போட்டிருப்பது தெரிகிறது. (வகுப்பிலும் பாடத்தைப் படிக்காமல் கை தூக்குகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.)

நாடகத்தில் ஒரு இயந்திரம் வருகிறது. என் மாணவனின் மகள்தான் அந்த இயந்திரம். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் உறை, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். தொட்டி சுத்தம் செய்ய வாங்கியது. ஒரு அதிகாரி ரிப்பன் வெட்டுகிறார், புகைப்படம் எடுக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். "சரி, இறங்கு" என்றால் இயந்திரம் முகத்தைச் சுளிக்கிறது. "ஐயோ, என் மேல அழுக்கு பட்டுடுமே! நான் முப்பது லட்ச ரூபாய் சாமான்!" அதிகாரியும், "ஆமாம் ஆமாம், பாவம் அது" என்று கைக்குட்டையால் அதைத் துடைத்து நிழலில் உட்காரவைத்து இளநீர் கொடுக்கிறார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாராவது மனுஷன் இருக்கானாய்யா, இறக்கிவிட?" என்று கேட்கிறார். பேருந்துக்கு நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். காணொளியில் ஒரு நடத்துநர் பையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிகிறது. அந்தச் சிரிப்பு முழுதாக அடங்கும் முன்பே ஒரு பையன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இறங்குகிறான். அவ்வளவுதான். திரும்பி வரவில்லை. அவன் செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. செருப்பு மட்டும் அங்கேயே கிடக்கிறது. இயந்திரம் இளநீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது.

செத்தவனைப் பார்த்து யார் சிரித்தது? சிரித்தது அந்த மாலை போட்ட இயந்திரத்தைப் பார்த்து, அந்த அதிகாரியைப் பார்த்து. சிரித்து முடித்ததும், மனுஷன் யாராவது இருக்கானா என்ற கேள்விக்கும் சேர்த்தல்லவா சிரித்தோம் என்பது உறைக்கிறது. ஒருமுறை சிரித்துவிட்டால் வாபஸ் வாங்க முடியாது. எனக்கு அந்த இடத்தில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

மனிதரைக் கொண்டு மலம் அள்ளவைப்பது குற்றம் என்று 1993-லும் 2013-லும் இரண்டு சட்டங்கள் போட்டாயிற்று. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பு சொன்னது. 2023-ல் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. இதெல்லாம் நம் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் செய்தித்தாள் வழியே தெரியும். என்ன, தெரிந்தே இருக்கிறோம். தெரியாதவருக்குத் தெரியவைப்பது வேறு வேலை. தெரிந்தும் உறைக்காதவருக்கு உறைக்கவைப்பது வேறு வேலை. இரண்டாவதற்குப் பேரணி உதவாது என்பதை நான் முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். எத்தனை விழிப்புணர்வுப் பேரணிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன்! தொழுநோய், கொசு ஒழிப்பு, மரம் வளர்ப்பு, வாக்காளர் தினம், தலைக்கவசம். காலை பத்து மணி வெயிலில் அட்டை பிடித்துக்கொண்டு, நான் ஒரு வரி கத்த அவர்கள் ஒரு வரி கத்த, தலைவர் வந்து கொடியசைக்கும்வரை ஒரு மணி நேரம் நின்று, கடைசியில் ஒரு பிள்ளை மயங்கி விழும். கடைக்காரர்கள் தலை நிமிர்த்திக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கிடைக்கும். அதுதான் மிச்சம். பேரணிக்கு வந்த என் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பொய் என்றால் சொல்லுங்கள்.

எனக்கு இதை முதலில் கற்றுக்கொடுத்தது அறிவொளி இயக்கம். 1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் காலம் மறக்காது. எழுத்தறிவு இயக்கத்துக்கு முன்னால் கலைக்குழு வரும். இந்த வழக்கம் நமக்குக் கேரளத்திலிருந்து வந்தது. அங்கே சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-லேயே கலைப்பயணம் தொடங்கிவிட்டது. அந்தப் பழக்கம் பரவித்தான் 1990-ல் எர்ணாகுளம் நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமானது.

நான் வேலை பார்த்த கிராமத்துக்கும் ஒருநாள் சாயங்காலம் கலைக்குழு வந்தது. மந்தையில் வட்டம் போட்டார்கள். கல்லூரிப் பையன்கள், இரண்டு பெண்கள், கழுத்தில் ஒரு பறை. பறைச் சத்தம் கேட்டதும் ஒரு பெரியவர், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறி ஓடி வந்தார். எங்கள் ஊரில் அது சாவுக்கு மட்டுமே அடிக்கிற வாத்தியம். அடிக்கிறவர்களும் இன்னார்தான் என்று உண்டு. ஆசிரியர் மகன் ஒருவன் அதை மாட்டிக்கொண்டு சிரித்தபடி அடிப்பதைப் பார்த்த பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாடகம் தொடங்கும் முன்பே பாதி நாடகம் அங்கே நடந்துவிட்டது.

கைநாட்டு வைத்து நிலத்தைப் பறிகொடுத்தவன் கதையைப் போட்டார்கள். வட்டிக்காரர் வேடம் போட்டவர் மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி ஓடி, உட்கார்ந்திருந்தவர்களின் கட்டை விரலையெல்லாம் பிடித்துப் பிடித்துப் பார்த்து, "ஆஹா, இது ரெண்டு ஏக்கர் விரல்! இது வெறும் ஆட்டுக்குட்டி விரல்!" என்று விலை போட்டார். ஊரே குலுங்கிச் சிரித்தது. மறுநாள் சாயங்காலம் அறிவொளி வகுப்புக்கு வந்த ஒரு பாட்டி தன் விரலை என்னிடம் நீட்டி, "இது எத்தனை ஏக்கர் வெரலு டீச்சர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் இருந்த நிலம் எப்படிப் போனது என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அப்போதுதான் சைக்கிளும் வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பெண்களுக்கு மகளிர் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் சேலையோடு ஏறிப் பழகினோம். நான் இரண்டு முறை கண்மாய்க் கரையில் விழுந்தேன். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. மணியடித்துக்கொண்டு வரிசையாகப் பெண்கள் சாலையில் போவதே ஒரு நாடகம்தான். யாரும் வசனம் பேசவில்லை. ஓரத்தில் நின்று ஆபாசமாகக் கத்தியவர்களைப் பார்த்து இன்னும் பலமாக மணியடித்தோம், அவ்வளவே. கல்குவாரியில் வேலை செய்யும் பெண்கள் எங்களைவிட நன்றாக ஓட்டினார்கள். கத்தியவர்கள்தான் கடைசியில் கோமாளியாக நின்றார்கள்.

இப்போது சொல்லப்போவதை என் பிள்ளைகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

கலைக்குழு போனபிறகு எங்கள் பள்ளியில் இடைவேளை விளையாட்டே "கலைக்குழு" ஆகிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களாகவே ஒரு நாடகம் கட்டினார்கள். பெயர் "டீக்கடை". ஊரில் ஒரு டீக்கடை உண்டு. உள்ளே பெஞ்சு, கண்ணாடி கிளாஸ். வெளியே கூரை ஓரத்தில் கவிழ்த்துவைத்த கிளாஸ்கள் தனி. காலனிக்காரர்கள் தாங்களே எடுத்து, தாங்களே கழுவி, குந்தி உட்கார்ந்து குடித்து, மறுபடி கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். நான் அந்த ஊருக்கு வந்து எட்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாடகத்தில் ஒரு பையன் டீ மாஸ்டர். காலனியிலிருந்து வந்த ஒல்லிப் பையன் ஒருவன் ஈ. இரண்டு பனையோலைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போட்டுப் பறப்பான். வெளியே இருக்கும் கிளாஸில் உட்காருவான், உடனே பறந்து வந்து உள்ளே இருக்கும் கிளாஸில் உட்காருவான். மாஸ்டர் துண்டை எடுத்துக்கொண்டு அவனை விரட்டுவான். "ஏய் ஈ! அங்க உட்கார்ந்துட்டு இங்க வந்து உட்காருறியா? நீ எந்தத் தெரு?" ஈ சொல்லும்: "நான் எல்லாத் தெருவுக்கும் போவேன் மாஸ்டர். உங்க வீட்டுச் சோத்துலயும் இப்பத்தான் உட்கார்ந்துட்டு வரேன்!" பத்து வயசுப் பிள்ளைகள் யோசித்த வசனம் இது. நான் எழுதிக் கொடுத்ததில்லை.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆண்டு விழாவில் இதைத்தான் போடுகிறோம் என்று சொல்லியும் விட்டேன்.

ஒத்திகை நடக்க நடக்கப் பிள்ளைகள் புதுப்புதுக் காட்சியாகச் சேர்த்தார்கள். ஒருநாள் ஒரு பெண் பிள்ளை துண்டைச் சேலையாகச் சுற்றி, கையில் குடையோடு உள்ளே வந்தாள். நடையைப் பார்த்ததுமே வகுப்பு கொல்லென்று சிரித்தது. அது நான். "டீச்சர்" நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பையனைப் பார்த்து, "டேய், நீ போய் தூக்குல டீ வாங்கிட்டு வா" என்றாள். ஈ எழுந்து, "டீச்சர், நான் போகட்டுமா? பறந்து போய் பறந்து வந்துடுவேன்" என்றது. "டீச்சர்" சொன்னாள்: "நீ வேண்டாம்பா. நீ உட்காரு."

இதிலும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பாதியில் நின்றேன்.

தினமும் பதினோரு மணிக்கு டீ வாங்கிவர யாரை அனுப்புவேன் என்பதும், யாரை அனுப்ப மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியாமலா இருந்தது? கடையில் அந்தப் பையனை உள்ளே விட மாட்டார்கள், எதற்குப் பிள்ளைக்கு அவமானம் என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. நடப்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "டீக்கடைக்காரர்தான் நம்ம பள்ளிக்கூடத்துக்கு நாலு பெஞ்சு போட்டுக் கொடுத்தவர். விழாவுக்கு முன்வரிசையில உட்காருவார். இது வேண்டாம் டீச்சர்" என்றார். நான் சரி என்றேன். தலைமையாசிரியர் சொன்னதால்தான் அந்த நாடகம் நின்றது என்று இத்தனை வருஷம் என் கணவரிடம், தோழிகளிடம், எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதில் பாதி பொய். அவர் கூப்பிடும் முன்பே, முதல்நாள் இரவே, அதை எப்படி நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். கடைக்காரரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தவரை அது எனக்கு நல்ல நாடகம். என்னைப் பார்த்துச் சிரித்ததும் "ஊர்ப் பிரச்சினை" ஆகிவிட்டது.

பிள்ளைகளிடம் சொன்னபோது அந்த ஒல்லிப் பையன் மட்டும் கேட்டான்: "டீச்சர், ஈயை மட்டும் வச்சுக்கலாமா?" முடியாது என்றேன். பதிலுக்கு "மரம் வளர்ப்போம்" நாடகம் போட்டோம். அவனுக்கு மரம் வேடம். எட்டு நிமிடம் கையை விரித்துக்கொண்டு ஆடாமல் நின்றான். கைதட்டல் நன்றாக வந்தது.

அதன்பிறகு நான் திருந்தி, எல்லாப் பிள்ளைகளையும் மாற்றி மாற்றி டீ வாங்க அனுப்பினேன், கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுவல்ல. கடையில் டீ வாங்குவதையே நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவர ஆரம்பித்தேன். அந்தக் கடை டீயைக் குடிக்க முடியவில்லை. ஒரு ஈ என்னை அந்த அளவுக்குத்தான் நகர்த்தியது. ஆனால் எட்டு வருஷம் பாடம் நடத்தியும், தீண்டாமை பாவச்செயல் என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லியும் நகராதவள் நான் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கொழுந்தனார் கேட்ட "அளவு" பற்றி எனக்குத் தோன்றுவது இதுதான். விளையாட்டு அளவு மீறியது என்று நாம் எப்போது சொல்கிறோம்? நாம் இல்லாத இடத்தில் சிரிப்பு விழும்வரை அளவாகத்தான் இருக்கிறது. நம் பக்கம் திரும்பும்போதுதான் அளவுகோலைத் தேடுகிறோம்.

நம் நாடக மேடையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. எங்கள் பக்கம் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம், வள்ளி திருமணம். என் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். பபூன் வரும்வரை விழித்திருப்பேன், பிறகு தூங்கிவிடுவேன். அந்த மேடையில்தான் விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று, தினைப்புனத்தில் இறங்கும் வெள்ளைப் பறவையைப் பற்றிப் பாடுவார். எந்த வெள்ளைப் பறவை என்று கேட்கிற ஜனத்துக்குத் தெரியும், ஓரத்தில் காத்திருக்கும் போலீசுக்கும் தெரியும். வேடத்தோடு கைது செய்வார்கள். 1940-ல் சென்னையில் மேடையிலேயே, முருகன் வேடத்திலேயே உயிர்விட்டவர். வெள்ளைக்காரனைக் கேலி செய்ததற்கு ஊர் ஊராக அவருக்குக் கைதட்டினார்கள். ஆனால் அவர் மருத்துவர் சமூகத்தில், முடிதிருத்துகிற குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று சொன்ன நடிகைகள் இருந்தார்கள். கே.பி. ஜானகியம்மாள்தான் துணிந்து வந்து நடித்தார். கடல் தாண்டி வந்தவனைக் கேலி செய்யக் கூடின கூட்டத்துக்கு, பக்கத்தில் நின்று வேடம் போடுகிறவருடைய சாதி மட்டும் கண்ணை உறுத்தியது. மறைந்த என் அப்பா விஸ்வநாததாஸ் பாட்டை அழகாகப் பாடுவார். எங்கள் வீட்டுக்கு முடிவெட்ட வருகிறவர் மட்டும் கொல்லைப்புறமாகத்தான் வர வேண்டும். அப்பாவைக் குறை சொல்லவில்லை. நானும் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள்தானே.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு இந்தச் சிரிப்பின் பலம் நம்மைவிட நன்றாகத் தெரியும். 1876-ல் வெள்ளைக்காரன் நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது எதற்கு? வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது அவரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்து உபசரித்த ஒரு வக்கீலைக் கிண்டல் செய்து வங்காளத்தில் ஒரு கேலி நாடகம் போட்டார்கள். அதுவும் ஒரு முக்கியக் காரணம். சுதந்திரம் வந்தபிறகு நம் சொந்த அரசும் 1954-ல் ஒரு நாடகச் சட்டம் போட்டது. அது எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்த சட்டம். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2013-ல்தான், ஞாநி தொடுத்த வழக்கில். பிள்ளைகள் அட்டை பிடித்துப் போகும் பேரணிக்கு எந்த அரசாவது சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறதா? கொடியல்லவா அசைக்கிறார்கள்!

சப்தர் ஹஷ்மியையும் சொல்லாமல் விட முடியாது. 1973-ல் தில்லியில் தொடங்கிய ஜன நாட்டிய மஞ்ச், 1978-ல் போட்ட முதல் வீதி நாடகம் "மெஷின்". சைக்கிள் நிறுத்த ஒரு இடமும், டீ குடித்துச் சாப்பாட்டைச் சூடுபண்ண ஒரு இடமும் கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் சுடப்பட்டதிலிருந்து பிறந்தது. பத்துப் பதினைந்து நிமிட நாடகம், மேடை கிடையாது, விளக்கு கிடையாது. 1989 ஜனவரி 1 அன்று சாகிபாபாத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது கும்பல் தாக்கியது. ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார். சப்தர் மறுநாள் இறந்தார், 34 வயது. ஜனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீ அதே இடத்துக்குத் திரும்பிப் போய், தடைப்பட்ட அதே நாடகத்தை நடித்து முடித்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்புக்கு மரம் வளர்ப்பைப் பற்றிப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் கேள்விப்பட்டது கலைக்குழுப் பையன்கள் சொல்லித்தான்.

ஒன்றும் சொல்லிவிடுகிறேன், எல்லா வீதி நாடகமும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது துறைக்கு ஒரு கலைக்குழு என்று காசு கொடுத்து அமர்த்துகிறார்கள். வசனம் அலுவலகத்தில் எழுதித் தருகிறார்கள். நாடகத்தில் குடிகாரன் திருந்துவான், படிக்காதவன் திருந்துவான், கழிப்பறை கட்டாதவன் திருந்துவான். எல்லா நாடகத்திலும் ஏழைதான் திருந்த வேண்டும்! கோமாளி ஒருவன் வருவான், அவனும் ஏழையைத்தான் கேலி செய்வான். பில்லில் கையெழுத்துப் போடுகிறவரை எப்படிக் கேலி செய்ய முடியும்? கூத்தில் கட்டியக்காரன் ராஜாவின் பக்கத்திலேயே நின்று ராஜாவை வாருவான், அதற்குத்தான் அவனுக்கு மேடை. இவர்கள் ராஜாவுக்குச் சாமரம் வீசிவிட்டுச் சனத்தை வாருகிறார்கள். கொழுந்தனார் அப்படி ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்படிச் சொன்னார் என்றால் நான் அவர் கட்சி.

நாடகம் போட்டால் அநியாயம் ஒழிந்துவிடும் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் தனி கிளாஸ் எப்படிப் போனது தெரியுமா? சட்டத்தாலும் இல்லை, ஈயாலும் இல்லை. பேப்பர் கப் வந்தது, போயிற்று. அதிலும் கொஞ்சகாலம், பெஞ்சில் உட்காருகிறவருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரர் வந்தால் மட்டும் பேப்பர் கப் என்று நடந்தது. இந்த ஒரு காட்சி அந்தப் பிள்ளைகள் கையில் கிடைத்திருந்தால் என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவும் எழுதக் காரணம், காணொளி அனுப்பிய அந்த மாணவன்தான் அன்றைய ஈ. இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றான். முந்தாநாள் போனில், மகள் நன்றாக நடித்தாள் என்று சொல்லிவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அந்த ஈ வேஷத்தை நான் எடுத்திருக்கக் கூடாதுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஈயா டீச்சர்? நான் மரமாத்தானே நடிச்சேன்? கை வலிச்சுது, அது நல்லா ஞாபகம் இருக்கு" என்றான். உண்மையிலேயே மறந்துவிட்டானா, என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, தெரியவில்லை. அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அடுத்தவர் சங்கடப்படுவதைப் பார்க்கப் பொறுக்க மாட்டான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளைகள் புதுக்கோட்டையில் அதே நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். நான் போகிறேன். எங்கள் வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். மேடையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. என்னைப் போல முழங்கால் வலிக்காரர்கள் மடக்கு ஸ்டூல் கொண்டுவரவும். முன்வரிசையில் உட்காருகிறவர்களைத்தான் அந்த அதிகாரி வேஷக்காரன், "யாராவது மனுஷன் இருக்கானா?" என்று கை நீட்டிக் கேட்பான். கொழுந்தனாருக்கு என் பக்கத்திலேயே இடம் போட்டு வைத்திருக்கிறேன். பிளாஸ்கில் டீ கொண்டுவர மாட்டேன். பேருந்து நிலையக் கடையில் எல்லோரும் சேர்ந்தே குடித்துக்கொள்ளலாம்.